உயரமானவன் ஏன் கூன் போட வேண்டும்?

மாளிகாவத்தையில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் நிற்கிற டெலிவரிப் பொடியன்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஓர்டர் வரும் வரைக்கும் ஃபோனைப் பார்ப்பார்கள். இடைக்கிடை கையை உதறுவார்கள், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நெட்டி முறிப்பார்கள். அவர்களில் ஆறடிக்காரன் ஒருத்தன் இருந்தால், அவன் பைக்கில் ஏறியதுமே தெரிந்துவிடும். முழங்கால் இரண்டும் டாங்கியைத் தாண்டி வெளியே நிற்கும். தோள் முன்னால் விழும். மணிக்கட்டு மடியும். "ஒட்டகத்த ஆட்டுக்குட்டியில ஏத்தின மாதிரி" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்துதான் சிரிப்பான்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடுகிறவனுக்கு அது பகிடி. பத்து மணித்தியாலம் ஓடிச் சம்பாதிக்கிறவனுக்கு அது கையும் முதுகும் சம்பந்தப்பட்ட விஷயம்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலை ஓடுகிறவனின் உடம்புக்கு ஏற்றபடி வைப்பது ஸ்டைல் வேலை இல்லை. பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா என்று பார்ப்பதுபோல அதுவும் அடிப்படைப் பாதுகாப்பு வேலை. பைக் வாங்குகிற அன்றைக்கே செய்ய வேண்டியது. அதில் பாதிக்குச் செலவே இல்லை. ஒரு ஸ்பானரும் அரை மணித்தியாலமும் போதும். ஆனாலும் நாம் செய்வதில்லை. ஏனென்றால் எங்கட ஊரில் பைக்குக்கு உடம்பைப் பழக்குவதுதான் வழக்கம். "ஓடு தம்பி, ரெண்டு கிழமையில பழகிடும்." பழகுவது வலி மட்டும்தான்.

முதலில், பைக் ஏன் பொருந்துவதில்லை என்று பார்ப்போம். எங்கட ரோட்டில் ஓடுகிற பைக்குகளில் பெரும்பாலானவை இந்தியாவில், இந்தியச் சந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. உலக நாடுகளின் மனித உயரங்களைத் தொகுத்து 2016 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, 1996 இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்ரிமீற்றர். இலங்கை ஆண்கள் அதற்கு மிகக் கிட்டத்தான் நிற்கிறார்கள். அதே ஆய்வில் நெதர்லாந்து ஆண்கள் 182 ஐத் தாண்டிவிட்டார்கள். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், பஜாஜ் பல்சர் 150 இரண்டுக்கும் ஆசன உயரம் 785 மில்லிமீற்றர். ஐந்தரை அடிக்காரனுக்கு அது அளவான உயரம்; சிக்னலில் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றலாம். கம்பனி பெரும்பான்மைக்குச் செய்கிறது. அதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம்தான்.

ஆனால் 'சராசரி மனிதன்' என்று ஒருவன் உண்மையிலேயே இருக்கிறானா? 1950 அளவில் அமெரிக்க விமானப்படை 4,000க்கும் அதிகமான விமானிகளின் உடம்பை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்த அளவுகளில் பத்தை எடுத்தார். உயரம், நெஞ்சுச் சுற்றளவு, கை நீளம் என்று பத்திலும் சராசரிக்குக் கிட்ட நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருத்தர்கூட இல்லை. சராசரிக்குச் செய்த விமானி அறை யாருக்குமே சரியாகப் பொருந்தாத அறை என்று விளங்கியது. விமானியை மாற்ற முடியாது. ஆகவே ஆசனத்தையும் மிதிகளையும் நகர்த்தக்கூடியதாகச் செய்யுங்கள் என்று முடிவெடுத்தார்கள். இன்றைக்குச் சாதாரண கார் ஆசனம் முன்னுக்கும் பின்னுக்கும் போவதும் அதே மாதிரியான ஏற்பாடுதான்.

சைக்கிளுக்கும் இந்த விஷயம் தெரியும். வாப்பா ஓடிய லுமாலா சைக்கிளை மகன் எடுத்தால், ஆசனத்துக்குக் கீழே இருக்கிற போல்ட்டைத் தளர்த்தி உயர்த்துவான். ஹேண்டிலையும் ஒரு விரல் உயர்த்துவான். அதை யாரும் 'மொடிஃபிகேஷன்' என்று சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் என்று வந்ததும், பல இலட்சம் கொடுத்து வாங்கிய சாமானில் கைவைக்கப் பயப்படுகிறோம். பெரிய பைக்குகளின் கதை வேறு. பீஎம்டபிள்யூவின் பெரிய ஜீஎஸ் வகைகளில் ஆசனத்தை இரண்டு உயரங்களில் வைக்கலாம். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. காசுள்ளவனுக்கு அளவெடுத்துத் தைக்கிறார்கள், மற்றவனுக்கு ரெடிமேட்.

"உயரமெண்டா உயரமான பைக் வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விரும்பியதைத் தேர்ந்தெடுத்து வாங்கக்கூடிய ஊரில் அது நல்ல ஆலோசனை. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு வழி திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் கொழும்பில் எத்தனை பேர் பைக்கைத் 'தேர்ந்தெடுத்து' வாங்கினார்கள்? மாமாவிடமிருந்து வந்தது, நானா வெளிநாடு போகும்போது விட்டுப்போனது, தவணை கட்ட முடியாமல் ஒருத்தர் விற்றது. கிடைத்ததைத்தான் ஓடினோம். இன்றைக்கும் புதுப் பைக்கின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதைத் தேடித்தான் போகிறோம். பைக்கை மாற்ற முடியாதவனுக்கு மிச்சம் இருக்கிற வழி, இருக்கிற பைக்கைத் தனக்குப் பொருத்திக்கொள்வது.

பொருந்தாத ஹேண்டில் உடம்புக்கு என்ன செய்கிறது? ஹேண்டில் தாழ்வாகவோ மிகக் கிட்டவோ இருந்தால் உயரமானவன் முதுகை வளைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். வளைந்த முதுகில் நிமிர்ந்து ரோட்டைப் பார்க்க, கழுத்தைப் பின்னால் மடிக்க வேண்டும். மேல் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். சின்ன விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் ஓடும் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். சைக்கிள் ஓடுபவர்களிடம் இது அதிகம் என்பதால் இதற்கு 'ஹேண்டில்பார் பால்சி' என்றே ஒரு பெயர் இருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவால் போகிற இன்னொரு நரம்பு. அதோடு எஞ்சின் அதிர்வும் சேரும். சிறிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை முறுக்கி ஓடும்போது கைப்பிடி நடுங்கும். வலிக்குது என்று இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அந்த நடுக்கம் கைக்குள் இன்னும் ஏறும். வேலையில் கைக்கு வருகிற அதிர்வுக்கு ஒரு நாளைய எல்லை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலேயே சட்டம் போட்டது. எங்கட பொடியன்களுக்கு எல்லை, ஃபோனில் சார்ஜ் முடிகிற நேரம்.

வலியைவிட ஆபத்தானது வேறொன்று. மரத்த விரலுக்கு பிரேக் லீவர் எங்கே என்று தாமதமாகத்தான் தெரியும். மடிந்த மணிக்கட்டை நிமிர்த்தி லீவரை எட்டுவதற்கும் ஒரு கணம் போகும். பேஸ்லைன் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற பைக், ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடும். பாதிச் செக்கன் பிந்தினால் 7 மீற்றர். முன்னால் திடீரென்று நிற்கிற பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையில் சில நேரம் அவ்வளவுகூட இருக்காது. இதை வசதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்க முடியாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சரி, என்ன செய்யலாம்? செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, லீவர்கள். பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, வழக்கமாக ஓடுகிற மாதிரி உட்காருங்கள். கண்ணை மூடிக் கையை இயல்பாக கிரிப்பில் வைத்து விரல்களை நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக, விரல்கள் லீவரின் மேல் போய் விழ வேண்டும். உயரமானவனின் கை மேலிருந்து சரிவாக இறங்குவதால், அவனுக்கு லீவர் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, லீவரைச் சற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. டிஸ்க் பிரேக் என்றால் எண்ணெய்க் கிண்ணம் அதிகம் சரியாமல் பாருங்கள். சில பைக்குகளில் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். அது ஹேண்டில் குழாயில் உள்ள ஓட்டையில் உட்காரும். அது திரும்பாவிட்டால் பலவந்தம் செய்ய வேண்டாம், அந்த முளையை அராவவும் வேண்டாம்.

இரண்டாவது, ஹேண்டிலைச் சுழற்றுவது. ஸ்ப்ளெண்டர், சீடி 100 போன்றவற்றில் ஹேண்டில் ஒரே குழாய். நடுவில் இரண்டு கிளாம்ப், நான்கு போல்ட். தளர்த்துவதற்கு முன் இப்போதைய இடத்தை மார்க்கரால் அடையாளம் போடுங்கள். குழாயில் கம்பனியே ஒரு புள்ளி குத்தியிருந்தால் அதையும் பார்த்து வையுங்கள். குழாயை உங்கள் பக்கம் சுழற்றினால் கைப்பிடி கிட்ட வந்து கீழே இறங்கும். முன்பக்கம் சுழற்றினால் உயர்ந்து தள்ளிப்போகும். உயரமானவனுக்குப் பெரும்பாலும் வேண்டியது இரண்டாவது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சில மில்லிமீற்றரே தோளில் தெரியும். அளவுக்கு மிஞ்சிச் சுழற்றினால் கைப்பிடியின் கோணம் கெட்டு, மணிக்கட்டு வேறு பக்கம் மடியும்.

மூன்றாவதுதான் ரைசர். அதாவது ஹேண்டிலுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் வைக்கிற உலோகத் துண்டு. இங்கேதான் காசும் கவனமும் தேவை. 20, 30 மில்லிமீற்றர் உயர்த்தினால் பெரும்பாலும் பழைய கேபிள்களே எட்டும். அதற்கு மேல் போனால் க்ளச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் நீளமாக வேண்டிவரும். ஹேண்டில் குழாயின் விட்டம் சாதாரண பைக்கில் நடுவில் 22 மில்லிமீற்றர். தடித்த வகைகளில் 28 ஐத் தாண்டும். குழாயை அளக்காமல் ரைசர் வாங்க வேண்டாம். பஞ்சிகாவத்தை எங்களுக்கு நடை தூரம். அங்கே கிடைக்காத உதிரிப்பாகம் குறைவு. அதனாலேயே கவனம் தேவை. எதை எதில் வேண்டுமென்றாலும் பூட்டித் தருவதற்கு ஆள் இருக்கும். ஹேண்டில் குழாயை வெல்டிங் பண்ணி உயர்த்துவதற்கும், சூடாக்கி வளைப்பதற்கும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் பலவீனமாகும். அது உடைகிற நேரம், நீங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்து பிரேக் பிடிக்கிற நேரமாக இருக்கும்.

எதைச் செய்தாலும் கடைசிப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. கராஜ் நானா "எல்லாம் சரி" என்று சொன்னாலும் இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போக வேண்டாம். ஹேண்டிலை இடது எல்லைக்கும் வலது எல்லைக்கும் முழுக்கத் திருப்புங்கள். கேபிளோ ஹோஸோ இழுபடக் கூடாது, எங்கும் நெரிபடவும் கூடாது. விரல் டாங்கியில் மோதக் கூடாது. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் மறுபடி இரண்டு பக்கமும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்தப் பைக்கை அப்படியே ரோட்டில் இறக்கக் கூடாது, முறுக்காமலே பாயும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையிலும் அளவிலும் இறுக்க வேண்டும். சில கிளாம்ப்களில் முன்பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டுத்தான் பின்பக்கத்தை இறுக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கம் பாருங்கள்.

எல்லாப் பைக்கிலும் இது நடக்காது. பல்சர் 220 போன்றவற்றில் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று ஹேண்டில் தனித்தனியாக ஃபோர்க்கில் பூட்டியிருக்கும். அதில் சுழற்ற இடம் மிகக் குறைவு. ஸ்கூட்டரில் ஹேண்டில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். பழையது வாங்கப் போகிற உயரமானவர்கள் இதை முதலிலேயே யோசிப்பது நல்லது. ஒற்றைக் குழாய் ஹேண்டில் உள்ள பைக், பார்க்க வடிவு குறைந்தாலும், உங்கள் சொல் கேட்கும்.

ஹேண்டிலை உயர்த்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கை, ஆசனம், கால் வைக்கிற இடம் மூன்றும் ஒரு முக்கோணம். உயரமானவனின் முழங்கால் வலி ஹேண்டிலால் வருவதில்லை. அது ஆசனத்துக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரத்தால் வருவது. குஷன் வேலைக்காரரிடம் ஆசனத்தை ஓர் அங்குலம் உயர்த்தினால் குறையலாம். ஆசனம் உயர்ந்தால் ஹேண்டில் இன்னும் தாழ்வாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹேண்டிலை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் பாரம் முழுக்க இடுப்புக்குக் கீழே போய் உட்காரும், காற்று நெஞ்சில் அடிக்கும், முன் சக்கரம் ரோட்டில் இருக்கிற உணர்வு குறையும். கலிஃபோர்னியாவில், ஓட்டுபவரின் கை தோளுக்கு மேல் ஆறு அங்குலத்தைத் தாண்டுகிற மாதிரி ஹேண்டில் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, அந்த எல்லையை நிலத்திலிருந்து அளக்கவில்லை. ஓடுகிறவனின் தோளிலிருந்து அளக்கிறார்கள். உடம்புதான் அளவுகோல் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது.

எங்கட பக்கத்துச் சட்டங்களின் பார்வை வேறு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த, பதிவுச் சான்றிதழில் உள்ள விபரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' பெயரில் பொலிஸார் பஸ்களையும் ஓட்டோக்களையும் நிறுத்தி மேலதிகப் பூட்டுச் சாமான்களைக் கழற்றச் சொன்னபோது பெரிய சர்ச்சை வந்தது. கண்ணைக் கூசவைக்கிற லைட்டையும் காதைக் கிழிக்கிற சைலன்ஸரையும் கழற்றச் சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் "எதையும் தொடாத, பொலிஸ் பிடிப்பான்" என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. கம்பனி கொடுத்த ஹேண்டிலை, கம்பனி கொடுத்த கிளாம்புக்குள் சற்றுத் திருப்புவது எதையும் பூட்டுவது அல்ல. காரில் ஏறியதும் ஆசனத்தை முன்னுக்கு இழுப்பது மாதிரிதான் அது. பொருத்திக்கொள்வது எது, உருமாற்றுவது எது என்பதை அதிகாரிகள் சிங்களத்திலும் தமிழிலும் படத்தோடு ஒரே தாளில் போட்டு எல்லாக் கராஜிலும் ஒட்டினால், பாதிப் பயமும் பாதி முட்டாள் வேலையும் குறையும்.

பொறுப்பு ஓடுகிறவனோடு மட்டும் நிற்கக் கூடாது. பைக் விற்கிறவர்கள் பூமாலை போட்டு, படம் எடுத்து, சாவி கொடுக்கிறார்கள். வாங்குகிறவனை ஒருதரம் ஏறி உட்காரச் சொல்லி லீவரைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். செருப்புக் கடையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். டெலிவரிக் கம்பனிகள் ரெயின்கோட்டும் பையும் கொடுத்து ஆளைத் தங்கள் நிறத்துக்கு மாற்றுகின்றன. மாதத்தில் ஒருநாள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து தங்கள் பொடியன்களின் பைக்கை அளந்து கொடுத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? கைக்கு ஏதாவது வந்தால் இந்தப் பொடியன்களுக்குச் சம்பளத்தோடு லீவு இல்லை. அந்தக் கைதான் அவர்களுடைய முழு முதலும்.

நாங்களும் ஒன்றை விட வேண்டும். வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆம்பிளைத்தனம் என்ற நினைப்பு. கை மரக்குது என்று சொன்னால் "என்னடா, கிழவன் மாதிரி" என்கிறோம். உயரத்தைப் பற்றி நாம் அடிக்கிற பகிடிக்குள்ளேயும் இது ஒளிந்திருக்கிறது. பொருந்தாதது அவனுடைய குறை என்ற மாதிரி. இதே பகிடியின் மறுபக்கத்தைக் கேட்க வேண்டுமென்றால், ஸ்கூட்டி ஓடுகிற எங்கள் தங்கச்சிமாரைக் கேளுங்கள். ஐந்தடி உயரம், சிக்னலில் ஒரு காலின் நுனிதான் நிலத்தில் படும், பிரேக் லீவரை எட்டச் சின்ன விரல்களை முழுக்க நீட்ட வேண்டும். அவளுக்கும் "பழகிடும்" என்றுதான் சொல்கிறார்கள். 165 சென்ரிமீற்றர் என்ற கோட்டுக்கு மேலே நிற்கிறவனுக்கும் கீழே நிற்கிறவளுக்கும் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கிறது.

இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். வேலைக்கு, வகுப்புக்கு, மருந்துக்கு, சாமானுக்கு என்று எங்கட வாழ்க்கையின் பெரிய பங்கு இரண்டு சக்கரத்தின் மேல்தான் போகிறது. சட்டை வாங்கினால் கை நீளம் பார்க்கிறோம், நீளம் என்றால் தையல்காரரிடம் கொடுத்து வெட்டுகிறோம். சட்டைக்கு ஏற்றபடி கையை வெட்டுவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பைக் கழுவும்போது, அரை மணித்தியாலம் ஒதுக்கி, கண்ணை மூடி ஒருதரம் உட்கார்ந்து பாருங்கள். கை எங்கே போக விரும்புகிறதோ, ஹேண்டில் அங்கே வரட்டும்.